ஒரே ஒரு பள்ளம்

ஆற்காடு ரோட்டில் மெட்ரோவுக்குத் தோண்டித்
தகரம் அடித்திருக்கிறார்கள்.
தகரத்துக்கும் கடைகளுக்கும் நடுவில்
ஓர் ஆள் ஒடுங்கிப் போகும் வழி.
இவர் முன்னால், நான் பின்னால்.

முதல் கடையில் ஸ்பிரிங்.
இரண்டாவதில் தேங்காய் நார், செங்கல் மாதிரி.
மூன்றாவதில் ஏசி இருந்தது,
உட்கார்ந்துவிட்டோம்.
"எத்தனை இன்ச் பாக்கறீங்க மேடம்?" என்றான்
சட்டையில் பரக்கத் என்று பெயர் குத்தியிருந்த பையன்.
நான் விலைச்சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டிய முதுகு இவருக்கு.
மூன்றரைக்கு அலாரம், நாலேகாலுக்கு டிப்போ.
எனக்கு ஆஸ்பத்திரி லேபில் நைட் டியூட்டி.
இவர் எழுந்து போய் நாலு மணி நேரம் கழித்து
நான் வந்து விழுவேன்.
சூடு ஆறியிருக்கும்.
தலையணையில் தைல வாசனை மட்டும்
டியூட்டி முடியாமல் நிற்கும்.
என் ஓய்வு நாளில் இவருக்கு
எப்படியோ நைட் சர்வீஸ் விழுந்துவிடும்.

ஃபேனுக்கு நேர் கீழே ஜன்னல் பக்கம்.
இவரும் அங்கேதான் படுப்பார், நானும் அங்கேதான்.
எட்டு வருஷ மெத்தையில்
ஒரே ஒரு பள்ளம்.
யார் எடைக்கு எவ்வளவு இறங்கியதென்று
பிரித்துச் சொல்ல முடியாது.
சுவர்ப் பக்கத்துப் பாதி
வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்கிறது.
மடிக்காத துணி போட வசதி.

"ரெண்டு பேருமே படுத்துப் பாருங்க சார்,
அப்பதான் தெரியும்."
செருப்பைக் கழற்றினோம்.
கண்ணாடிக்கு வெளியே ஷேர் ஆட்டோக்காரர்
எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.
இரண்டு பேரும் ஒரே பக்கம் போய் முட்டிக்கொண்டோம்.
"நீ படு."
"இல்ல, நீங்க படுங்க."
காலி பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு
உபசாரம் பண்ணிக்கொள்கிற மாதிரி.

படுத்தோம். உறை சரசரத்தது.
பரக்கத் ஒரு மூலையில் தண்ணீர் டம்ளரை வைத்தான்,
மறுமூலையில் முழங்காலால் குதித்தான்.
தண்ணீர் அசையவில்லை.
"ஒருத்தர் புரண்டா இன்னொருத்தருக்குத் தெரியவே தெரியாது.
பத்து வருஷம் கேரண்டி."
முப்பத்தெட்டாயிரம் என்றதும்
இவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.
சத்தமில்லை.
திரும்பினால், தூங்கிவிட்டிருந்தார்.

வாய் லேசாகத் திறந்து.
பிறகு குறட்டை.
இவருக்குக் குறட்டை உண்டென்று
மேல்வீட்டு அமுதவல்லி சொல்லித்தான் கேள்வி.
நான் வாதாடியிருக்கிறேன் அவளோடு.
வலது கால் மெல்ல அழுந்தியது, விட்டது,
மறுபடி அழுந்தியது.
ஏதோ ஸ்டாப்பிங் வந்திருக்க வேண்டும்.
கண்ணால்தான் பார்த்தேன்.
ஓரடி தள்ளிக் கிடக்கிற எனக்கு
மெத்தை அதைச் சொல்லவே இல்லை.

எழுந்து உட்கார்ந்து மெதுவாகக் கேட்டேன்:
"குதிச்சா டம்ளர் கவிழற மெத்தை ஏதாவது இருக்கா?"

பரக்கத் முழித்தான்.
"அது பழைய மாடல் மேடம். கோடவுன்ல கெடக்கு."
"எவ்வளவு?"
"பதினாலு."
"பன்னெண்டு."
"முதலாளியைக் கேக்கணும்."
கேட்டுவிட்டு வந்து பதின்மூன்று என்றான்,
இரண்டு தலையணை சேர்த்து.
நாளைக்குப் பதினோரு மணிக்கு டெலிவரியாம்.
நான் நடுத்தூக்கத்தில் இருக்கிற நேரம்.
என்னை எழுப்பித்தான் மெத்தை உள்ளே வரும்.

"பழசைக் குடுத்தா ஆயிரம் குறையும்.
பள்ளம் கிள்ளம் இருக்கா?"
"இருக்கு."
"எத்தனை?"
"ஒண்ணு."
பில் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தினான்.
"டபுள் காட்டுன்னீங்க?"

"டபுள் காட்டுதாம்பா" என்றேன்.
சாவியைக் கையில் எடுத்துக்கொண்டேன்,
இவரை எழுப்பாமல்
இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன்.